பதினைந்து வயதில் ஒரு முடிவு: பள்ளி சொல்ல வேண்டியது என்ன?

ஆண்டுதோறும் மே மாதத்தின் பிற்பகுதியில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான சில நாட்களில், நாடெங்கும் பள்ளி அலுவலகங்களின் முன் பெற்றோர் வரிசையாக நிற்கின்றனர். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்க்கிறார். “நல்ல மார்க் இருக்கே, சயின்ஸ் போட்டுடலாம்” என்கிறார். மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தால் வணிகவியல். மேலும் குறைந்திருந்தால் கலைப்பிரிவு. விண்ணப்பத்தில் கையொப்பம் இடப்படுகிறது. அடுத்தவர் முன்னே வருகிறார். மாணவனோ மாணவியோ அங்கேதான் நிற்கிறார். எனினும் பெரும்பாலும் அவரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை.

இதே குடும்பம் இரண்டு ஆண்டுகள் கழித்துக் கல்விக் கடன் கோரி வங்கிக் கிளைக்கு வருகிறது. அங்கே கேள்விகளுக்குக் குறைவில்லை. எந்தக் கல்லூரி, அதற்கு உரிய அங்கீகாரம் உண்டா, கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு, பெற்றோரின் வருமானம் என்ன, முன்பு வாங்கிய கடன்கள் ஒழுங்காகச் செலுத்தப்பட்டனவா என ஒவ்வொன்றும் ஆராயப்படுகிறது. சில லட்ச ரூபாய்க்கு இத்தனை ஆய்வு தேவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடனுக்கு மூலமான முடிவு, ஐந்து நிமிடங்களில், மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு எடுக்கப்பட்டதாக இருக்கலாம். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு முதலில் பள்ளிக்கு உரியது என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்க விரும்பும் கருத்து.

பள்ளிக்கு ஏன்? பெற்றோருக்கும் உறவினருக்கும் இதில் பங்கில்லையா? உண்டு. ஆனால் குடும்பத்துக்குத் தெரிந்த தொழில்கள் சிலவே. தந்தை மின்வாரியத்தில் பணிபுரிந்தால் பொறியியல் தெரியும். அத்தை செவிலியராக இருந்தால் மருத்துவமனை தெரியும். அதற்கு அப்பால் உள்ள உலகை அறிமுகப்படுத்த வேறோர் ஆள் வேண்டும். அவ்வாறு அறிமுகப்படுத்த முன்வருவோரில் பலர் ஏதேனும் ஒன்றை விற்க வருபவர்கள். பயிற்சி மையத்துக்கு மாணவர் வேண்டும். தனியார் கல்லூரிக்கு இடம் நிரம்ப வேண்டும். சேர்க்கை முகவருக்குத் தரகு வேண்டும். கடன் வழங்கும் வங்கியும்கூட இதில் முற்றிலும் பற்றற்ற தரப்பு என்று சொல்லிக்கொள்ள இயலாது. பத்து ஆண்டுகளாக அந்தக் குழந்தையைக் கண்முன் பார்த்தும், அது எங்கே சேர்ந்தாலும் தனக்கு ஆதாயமோ இழப்போ இல்லாத நிலையிலும் இருப்பது பள்ளி ஒன்றுதான். (தன் மேல்நிலை வகுப்புகளில் இடம் நிரப்ப முனையும் பள்ளிகள் இதற்கு விலக்கு, அத்தகைய பள்ளிகளும் இருக்கின்றன.)

மூடும் கதவுகள்

பாடப்பிரிவுத் தேர்வின் விளைவை ஒரு பாடத்தைக் கொண்டே விளக்கலாம். கணிதத்தை எடுத்துக்கொள்வோம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ., 2020-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தை ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என இரு நிலைகளாகப் பிரித்தது. பாடத்திட்டம் ஒன்றே; வினாத்தாளின் கடினம் மட்டும் வேறு. மேல்வகுப்பில் கணிதம் தொடர விரும்பாதவர்களுக்காகவே பேசிக் நிலை வகுக்கப்பட்டது. பின்னர் சில தளர்வுகள் வந்தன என்றாலும், அதன் நோக்கம் அதுவே. கணிதத்துக்கு அஞ்சும் பதினான்கு வயதுப் பிள்ளை, எளிதான தாள் என்ற ஒரே காரணத்தால் அதைத் தேர்ந்தெடுக்கிறது. பதினோராம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவு கிடைக்கிறது. பெற்றோருக்கும் நிம்மதி.

இதன் பிறகு பொறியியல் நுழைவுத் தேர்வு இல்லை, அது எதிர்பார்த்ததே. ஆனால் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக விமானப் படையிலோ கடற்படையிலோ அதிகாரியாகும் வாய்ப்பும் அடைபட்டுவிட்டது என்பதை அன்று எவர் சொன்னார்? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்கவும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் வேண்டும். பொருளாதாரம் என்பது ‘ஆர்ட்ஸ்’தானே என்று எண்ணியிருந்த குடும்பத்துக்கு இது பெரும் அதிர்ச்சியாகவே இருக்கும். வணிகவியல் மாணவருக்கு ஏற்றதாக ‘அப்ளைடு மேத்தமேடிக்ஸ்’ என்னும் பாடத்தைச் சி.பி.எஸ்.இ. 2020-21 முதல் பதினோராம் வகுப்பில் அளிக்கிறது. அது இருப்பதை அறியாமலேயே கணிதத்துக்கு முற்றிலும் விடைகொடுத்த மாணவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அறிவியல் பிரிவில் சேர்ந்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில், விருப்பமே இல்லாத பிள்ளைகளை இயற்பியலிலும் வேதியியலிலும் இரண்டு ஆண்டுகள் அமர வைக்கிறோம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவும் போதும். பட்டயக் கணக்காளர் தேர்வுக்கும் அவ்வாறே. ஐ.ஐ.டி.க்களில் வடிவமைப்புப் பட்டத்துக்கான ‘யுசீட்’ தேர்வை எழுதக் கலைப் பிரிவு மாணவரும் வணிகப் பிரிவு மாணவரும் தகுதி உடையவர்களே. செவிலியர் துறையில் பி.எஸ்சி. பட்டத்துக்கு உயிரியல் இன்றியமையாதது, ஜி.என்.எம். பட்டயத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குடிமைப் பணித் தேர்வுக்கும், ஏன், வங்கி அலுவலர் தேர்வுக்கும்கூட, ஏதேனும் ஒரு பட்டம் போதும். கிளைகளில் நீங்கள் சந்திக்கும் அலுவலர்களில் தாவரவியல் படித்தவரும் இருப்பார், வரலாறு படித்தவரும் இருப்பார்.

இவை எவையும் இரகசியங்கள் அல்ல. ஒவ்வொன்றும் அந்தந்த நிறுவனத்தின் தகவலேட்டில் அச்சிடப்பட்டிருப்பவை. அவற்றைத் திரட்டி, ஒன்பதாம் வகுப்பிலேயே, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லை என்பதுதான் குறை.

எழுபது ஆண்டுப் பரிந்துரை

இந்தக் குறை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, மறு ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. எல்லா மாணவரையும் ஒரே வாய்க்காலில் தள்ளாமல், கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது அக்குழு. பிரிவுகள் பலவானால் தேர்ந்தெடுக்க உதவி வேண்டும் அல்லவா? ஆகவே வழிகாட்டல் அலுவலர்களையும், ‘கேரியர் மாஸ்டர்’ எனப்படும் தொழில்வழி ஆசிரியர்களையும் படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் வழங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பல்வேறு தொழில்களில் வேலை எப்படி நடைபெறுகிறது என்பதைக் காட்டும் திரைப்படங்கள் தயாரிக்கப்பட வேண்டும், மாணவர்களை நேரிலும் அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்றுகூட அந்த அறிக்கையில் உள்ளது. தொலைக்காட்சியே இல்லாத நாட்களில் எழுதப்பட்டது அது.

1954-இல் கல்வி மற்றும் தொழில் வழிகாட்டலுக்கென மத்திய அமைப்பு ஒன்று டெல்லியில் நிறுவப்பட்டது. அடுத்து வந்த கோத்தாரி கல்விக் குழு (1964-66), வழிகாட்டல் தொடக்கப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்றது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆலோசகரை அமர்த்த உடனடியாக இயலாது என்பதை உணர்ந்து, அருகருகே உள்ள பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகர் முறைவைத்துச் சென்றுவரட்டும் என்று நடைமுறைக்கு ஏற்ற வழியையும் கூறியது. நம் பார்வையில், இன்றளவும் மிகச் சிக்கனமான, மிக எளிய திட்டம் இதுவே. அதை நாடு தழுவிய அளவில் செய்து பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திராது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரைதான் அதன் எல்லை. வழிகாட்டல் எந்த வயதில் அவசரமாகிறதோ, அந்த வயதின் வாசலில் சட்டம் நின்றுவிடுகிறது. சி.பி.எஸ்.இ. தன் 2018-ஆம் ஆண்டு இணைப்பு விதிகளில், இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகள் முழுநேர ஆலோசகர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 300-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளிகள் பகுதிநேரமாக அமர்த்தலாம் என்றும் கூறியது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பத்து நாட்கள் புத்தகப் பை இன்றி, தச்சர், தோட்டக்காரர், குயவர், ஓவியர் போன்ற உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்றது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கு அது. மாணவர் மனநலம் பற்றி நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளில் இரண்டைப் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். மேலும், பயிற்சி மையங்கள் உள்ளிட்ட எல்லாக் கல்வி நிறுவனங்களும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் முறையான தொழில் வழிகாட்டலைத் தொடர்ந்து அளிக்க வேண்டும். உரிய சட்டம் இயற்றப்படும் வரை இந்நெறிமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். எழுபது ஆண்டுகளாகப் பரிந்துரையாக இருந்தது இப்போது கடமையாகிவிட்டது. ஒரு பிள்ளையின் உயிர் போன பிறகே இது நேர்ந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

எது வழிகாட்டல்?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை ஒரு நாள் அரங்கத்தில் அமர்த்தி, கல்லூரிகள் வரிசையாக வந்து தம் வளாகத்தின் படங்களைத் திரையிட்டுச் செல்வதைச் சில பள்ளிகள் தொழில் வழிகாட்டல் என்று அழைக்கின்றன. அது விளம்பரம். இன்னும் சில பள்ளிகள் வெளி நிறுவனம் ஒன்றைக் கொண்டு திறனறித் தேர்வு நடத்தி, வண்ணப் படங்களுடன் ஓர் அறிக்கையைக் கையில் தருகின்றன. தேர்வில் தவறில்லை. மகாராஷ்டிரத்தில் 2016-இல் அரசே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு விருப்பம் அறியும் தேர்வு ஒன்றை நடத்தியது. ஆனால் அறிக்கையை வைத்துக்கொண்டு பிள்ளையோடு அரை மணி நேரம் அமர்ந்து பேச ஓர் ஆள் இல்லாவிட்டால், சோதிடக் குறிப்புக்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

மாநிலங்கள் தத்தம் வழியில் முயல்கின்றன. கேரளத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களே தொழில் வழிகாட்டிகளாகப் பொறுப்பேற்கின்றனர். முதலியார் குழு கனவு கண்ட ‘கேரியர் மாஸ்டர்’ இவர்களே எனலாம். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் அரசுப் பள்ளிகளின் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு உயர்கல்வி வழிகாட்டலைக் கொண்டு செல்கிறது. ஆனால் ஏறத்தாழ 14.7 லட்சம் பள்ளிகளும் 24 கோடிக்கும் அதிகமான மாணவர்களும் உள்ள நாடு இது. எங்கோ ஓரிடத்தில் நன்றாக நடப்பது, பெல்லாரியிலோ பிலாஸ்பூரிலோ உள்ள பிள்ளையை எட்ட நாளாகும்.

நல்ல வழிகாட்டலுக்கு நாம் வைக்கும் முதல் சோதனை, அது முதல் மதிப்பெண் பெறுபவருக்கு என்ன சொல்கிறது என்பதன்று. நாற்பத்தைந்து விழுக்காடு பெற்று, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு என்ன சொல்கிறது என்பதே. அவருக்கும் வழிகள் உள்ளன; நேர்த்தியான வழிகள். பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெறலாம். விரும்பினால் பொறியியல் பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ., முடித்தவர் தகுதிக்கேற்பப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உதவித்தொகையுடன் தொழிற்பழகுநராகப் பயிற்சி பெறலாம். பள்ளிக்குச் செல்ல இயலாத சூழல் நேர்ந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பை எழுதலாம். படிப்பில் பின்தங்கியவருக்கு விதிக்கும் தண்டனை போல ஐ.டி.ஐ.யைப் பேசும் ஆசிரியர்கள் இன்னும் உள்ளனர். ஒரு நல்ல மின்பணியாளரோ குளிர்சாதனத் தொழில்நுட்பரோ கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்திருந்த எவரும் அவ்வாறு பேச மாட்டார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பள்ளியின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. “வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கல்லூரி இருக்கிறதோ, அதில் என்ன பாடம் இருக்கிறதோ” என்பதே பல வீடுகளில் தேர்வு முறை. இதைப் பெற்றோரிடம் மரியாதையோடு, விடாப்பிடியாகப் பேசக்கூடியவர் வகுப்பாசிரியர் ஒருவரே.

கணக்கையும் சொல்ல வேண்டும்

வழிகாட்டலில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது பணம். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி, காலத்துக்குக் காலம் மாறும் என்பதை மனத்தில் கொள்க. நான்காண்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் ரூபாய் கடன், நான்கு சமப் பகுதிகளாக ஆண்டுத் தொடக்கத்தில் வழங்கப்படுகிறது. வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் தனிவட்டி சேர்ந்துகொண்டே வரும். இடையில் எதுவும் கட்டாவிட்டால் ஐந்தாம் ஆண்டின் முடிவில் வட்டி மட்டும் 2,62,500 ரூபாய். ஆக மொத்தம் 10,12,500 ரூபாய். இதைப் பத்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த மாதத் தவணை ஏறத்தாழ 13,400 ரூபாய். மொத்தம் செலுத்துவது சுமார் 16 லட்சம். பதினெட்டு வயதில் தொடங்கிய கடன் முடியும்போது வயது முப்பத்து மூன்று.

விருப்பத்தோடு படித்து, உரிய வேலை பெற்றவருக்கு இது சுமக்கக்கூடிய சுமையே. பிடிக்காத படிப்பை இரண்டாம் ஆண்டில் கைவிட்டவருக்கோ, அதுவரை வழங்கப்பட்ட தொகையும் வட்டியும் அப்படியே நிற்கும். பெற்றோர் இணைக் கடனாளராகக் கையொப்பமிட்டிருப்பதால், தவணை தவறினால் அவர்களது கடன் தரமதிப்பும் சரியும். அடுத்து வரவிருக்கும் வீட்டுக் கடன் வரை அதன் நிழல் நீளும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று எண்ணுவோர் உளர். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் வட்டி படித்த பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

கல்லூரியைத் தேர்வதும் கடன் நிபந்தனைகளை மாற்றும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்வோருக்குச் சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் உத்தரவாதமோ இன்றிக் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்கள், பிற வட்டிச் சலுகைகளைப் பெறாதிருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்காத காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் கோரலாம். அந்தப் பட்டியலில் தாம் சேரவிருக்கும் கல்லூரி உள்ளதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பார்க்கச் சொல்வதும் வழிகாட்டலின் ஒரு பகுதியே. கிளை அலுவலர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு இவற்றை விளக்கச் செய்யலாம். கடனை ஊக்குவிக்கும் கூட்டமாக அது மாறிவிடாதபடி, பள்ளியின் ஆலோசகரும் உடன் அமர்ந்திருப்பது நலம்.

ஆலோசகரே இல்லாத சிறிய பள்ளி என்ன செய்யும்? ஆசிரியர்களுக்கு வழிகாட்டலிலும் ஆலோசனையிலும் பட்டயப் பயிற்சியை என்.சி.இ.ஆர்.டி. நடத்திவருகிறது, ஒருவரை அதற்கு அனுப்பலாம். அண்டைப் பள்ளிகள் சில சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளலாம். முன்னாள் மாணவர்களில் வெவ்வேறு தொழில்களில் இருப்போரை அழைத்து, தம் வேலைநாள் காலை முதல் மாலை வரை எப்படிச் செல்கிறது என்று மட்டும் பேசச் சொல்லலாம். வெற்றிக் கதை வேண்டாம். தொழிலாளர் அமைச்சகம் 2015-இல் தொடங்கிய தேசியத் தொழில்வாழ்வுச் சேவையின் இணையதளம் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

உங்கள் பிள்ளை எட்டிலோ ஒன்பதிலோ பயின்றால், அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்தபின் இன்னும் சில கேள்விகளைக் கேளுங்கள். இப்பள்ளியின் ஆலோசகர் யார், அவரது தகுதி என்ன, என் பிள்ளையை அவர் எப்போது தனியே சந்திப்பார்? பத்தாம் வகுப்பில் எந்தக் கணிதம் என்பதை முடிவு செய்யுமுன் எங்களோடு பேசுவீர்களா? பதினோராம் வகுப்பில் இங்கே இல்லாத பாடப்பிரிவுகள் எவை, அவை அருகில் எந்தப் பள்ளியில் உள்ளன? பள்ளிக்கு வரும் கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் பள்ளிக்கு ஏதேனும் தொகை தருகின்றனவா? கடைசிக் கேள்வி சற்றுக் கூச்சம் தரும். அதையும் கேட்கத்தான் வேண்டும். எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும். பொதுத்தேர்வுக்கான மாணவர் பட்டியலைப் பள்ளிகள் அனுப்புமுன் இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும் என்பதால், கல்வியாண்டின் முதல் கூட்டமே இதற்கு ஏற்ற தருணம்.